இடிபாடு, சாம்பல், வலை, தெர்மோகோல்: இராமநாதபுரம் கடற்கரையில் பிளாக் போட எது தேறும்?

சேதுக்கரை
பெரியபட்டினம் பக்கம் 6 அங்குல சாலிட் பிளாக் (துளையில்லாத சிமெண்ட் கல்) போடும் சிறு பட்டறைக்காகக் கேட்கிறேன். பான் மிக்சர் ஒன்று, முட்டையிடும் மெஷின் (பிளாக்கை அழுத்தித் தரையிலேயே இறக்கிவிட்டு நகர்வது) ஒன்று. நம்ம பக்கம் மலை இல்லாததால் சிப்ஸும் (சிறு ஜல்லி) கிரஷர் டஸ்டும் (கல் உடைக்கும்போது விழும் தூள்) மேற்கிலிருந்துதான் வரணும். லாரி வாடகைதான் விலையை ஏற்றுகிறது. இன்னொரு பக்கம், கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் பழைய கட்டடங்களை இடித்துக் கண்மாய்க் கரையில் கொட்டுகிறார்கள். மண்டபம், பாம்பன் கரையில் கிழிந்த வலையும் உடைந்த மீன் பெட்டி தெர்மோகோலும் குவியலாகக் கிடக்கின்றன. இவற்றில் பிளாக்கில் சேர்க்கத் தகுந்தது எது, எவ்வளவு சேர்க்கலாம்? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜல்லிக்கணக்கு
நம்ம கரையில் எந்தக் கழிவானாலும் பலத்தைப் பிறகு பாருங்கள், உப்பை முதலில் பாருங்கள். உள்நாட்டில் எழுதிய கலவை அளவுகளை அப்படியே எடுத்தால் 28-ஆம் நாள் சோதனையில் பிளாக் நல்ல பலம் காட்டும். இரண்டு மழை கழிந்ததும் சுவர் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும்.

எட்ட வேண்டிய தரம் ஐ.எஸ். (இந்தியத் தர விதி) 2185 பகுதி 1, 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு. சாலிட் பிளாக் அதில் சி வகை. அடர்த்தி கன மீட்டருக்கு 1800 கிலோவுக்குக் குறையக் கூடாது. சி(5.0) என்றால் சராசரி பலம் ச.மி.மீ.க்கு 5 நியூட்டன், எந்தத் தனிப் பிளாக்கும் 4-க்குக் கீழே போகக் கூடாது. நீர் உறிஞ்சல் எடையில் 10 சதவீதத்துக்குள். 400×150 மி.மீ. முகத்துக்கு 5 நியூட்டன் என்றால் சோதனை மெஷின் 300 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 30 டன் காட்ட வேண்டும்.

இடிபாட்டுக்கு ஐ.எஸ். 383, 2016 பதிப்பு. அது இரண்டு வகையாகப் பிரிக்கிறது. கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்தது ஒரு வகை. செங்கல், பூச்சு, ஓடு எல்லாம் கலந்தது இன்னொரு வகை. முதல் வகையை ஜல்லியாகவும் மணலாகவும் சாதாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்15-க்குக் (ச.மி.மீ.க்கு 15 நியூட்டன் பலம்) கீழான மெலிந்த கான்கிரீட்டில் 100 சதவீதம் வரை சேர்க்கலாம். கலப்பு வகைக்கு மெலிந்த கான்கிரீட்டில் ஜல்லியாக மட்டும்தான் இடம், மணலாக இடமே இல்லை. ஆகவே லாரி வரும்போதே இரண்டையும் பிரித்துக் கொட்டுங்கள். 2016-இல் வந்த இடிபாட்டுக் கழிவு விதிகளே பெரிய இடிப்பு வேலைகளில் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரிக்கச் சொல்லின.

பட்டறை_மாரி
6 அங்குல சாலிட் பிளாக்குக்கு ஒரு மூட்டைக் கணக்கில் கலவை இது:

சிமெண்ட் 50 கிலோ, ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல்) 25, உடைத்த கான்கிரீட் மணல் (4.75 மி.மீ. சல்லடையில் இறங்கியது) 150, கிரஷர் டஸ்ட் 150, 6 மி.மீ. சிப்ஸ் 125. காய்ந்த எடை 500 கிலோ. தண்ணீர் சுமார் 35 லிட்டர்.

400×200×150 அளவில் ஒரு பிளாக் 25 கிலோ வரும். மூட்டைக்கு 21 பிளாக். ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 200 கிலோ சிமெண்ட் இருக்கும். 30 பிளாக் எடுக்கலாம் என்று சொல்கிறவர்கள் சிமெண்டைக் குறைத்தோ பிளாக்கை மெலிதாக்கியோ எடுக்கிறார்கள். மறுசுழற்சி மணல் போட்ட கலவையில் அதை முயல வேண்டாம். சிமெண்டை ஏற்றிக்கொண்டே போவதும் சரியில்லை. கன அளவில் சிமெண்ட் ஒன்றுக்கு ஜல்லி, மணல் சேர்த்து ஆறு என்பதைவிடச் செறிவாக்கினால் சுருக்கம் கூடி, கட்டின சுவரில் மூட்டு மூட்டாக வெடிப்பு வரும்.

உடைத்த மணலை முந்தின நாள் சாயங்காலமே நனைத்துச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். இதை விடவே கூடாது. பழைய சிமெண்ட் பசை ஒட்டியிருப்பதால் அது தண்ணீரைக் குடிக்கும். 150 கிலோ மணல் 8 சதவீதம் குடித்தால் 12 லிட்டர். காய்ந்த மணலை மிக்சரில் போட்டால் முதல் தட்டு (மெஷின் ஒரு தடவை இறக்கும் பிளாக்குகள்) சரியாக இருக்கும், பத்தாவது தட்டில் கலவை வறண்டு பிளாக் மூலை உதிரும். வேலை ஆள் கலவைமேல் தண்ணீர் தெளிப்பான். அதோடு அந்தக் கலவையின் பலம் போச்சு. நான் சொன்ன 35 லிட்டர் நனைத்து வைத்த மணலுக்குத்தான்.

பதம் பார்ப்பது பழைய வழிதான். கையில் ஒரு பிடி இறுக்கினால் உருண்டை நிற்கணும், உள்ளங்கையில் ஈரம் படியணும், தண்ணீர் சொட்டக் கூடாது.

சேதுக்கரை
மாரி அண்ணே, அளவு கொடுத்ததற்கு நன்றி. ஜல்லிக்கணக்கு சார், 300 கிலோ மணல் பங்கில் 150 கிலோ உடைத்த மணல் என்றால் 50 சதவீதம் ஆகிறதே. 25-ஐத் தாண்டவில்லையா?

ஜல்லிக்கணக்கு
சரியான கேள்வி. பிளாக் கலவையின் பலம் எம்15-க்குக் கீழேதான் நிற்கிறது, அதனால் மெலிந்த கான்கிரீட் வரம்பு பொருந்தும் என்பது ஒரு வாதம். தனியார் காம்பவுண்டு, தடுப்புச் சுவருக்கு ஐ.எஸ். 2185 சோதனையில் தேறினால் போதும், நான் ஏற்பேன். அரசு வேலைக்குப் போகும் பிளாக் என்றால் வாதாடிக்கொண்டு இருக்காதீர்கள். 300 கிலோவில் 75 கிலோவோடு நிறுத்தி, மீதிக்கு டஸ்ட் போடுங்கள்.

உப்பளத்தான்
உப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் கணக்கோடு எழுதுகிறேன்.

கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 சொல்லும் குளோரைடு (உப்பில் உள்ள, கம்பியை அரிக்கும் பொருள்) வரம்பு, உள்ளே இரும்பு இல்லாத கான்கிரீட்டுக்கு கன மீட்டருக்கு 3.0 கிலோ. கம்பி இருந்தால் 0.6 கிலோ. கலக்கும் தண்ணீரில் குளோரைடு, கம்பி இல்லாததற்கு லிட்டருக்கு 2000 மி.கி., கம்பி உள்ளதற்கு 500 மி.கி.

மாரி கொடுத்த கலவையில் 21 பிளாக் கொள்ளளவு 0.252 கன மீட்டர். அதாவது கன மீட்டருக்கு உடைத்த மணல் சுமார் 595 கிலோ, தண்ணீர் 139 லிட்டர். மணலில் குளோரைடு 0.3 சதவீதம் இருந்தால் 1.8 கிலோ. தண்ணீர் வரம்பின் உச்சமான 2000-ல் இருந்தால் இன்னும் 0.28 கிலோ. மொத்தம் 2.1 கிலோ. வரம்புக்குள்தான். ஆனால் இதே பிளாக் லிண்டல் கம்பியையோ பெல்ட் கம்பியையோ தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

"கம்பிதான் இல்லையே, கடல் தண்ணியில் கலந்தால் என்ன" என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்கு பதில் சொல்லும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம். 139 லிட்டரில் 2.6 கிலோ வந்துவிடும். தண்ணீர் ஒன்றே 3 கிலோ வரம்பை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது. ஊரில் பல கிணறுகளும் கோடையில் 2000-ஐத் தாண்டும் உவர் தண்ணீர்தான். கிணற்றை வைகாசியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை தனித்தனியாகச் சோதியுங்கள்.

தொண்டிக்கரை
உப்பு பார்க்க ஆர்.ஓ. கடையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டுவது) போதாதா? 100 கிராம் மணலை 500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, ஏறின அளவை ஐந்தால் பெருக்கினால் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடுமே.

உப்பளத்தான்
ஆற்று மணலுக்கும் கடலோர மணலுக்கும் அது ஓரளவு சரி. உடைத்த கான்கிரீட்டுக்கு ஆகாது. பழைய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து மீட்டரை ஏற்றிவிடும். உப்பே இல்லாத மதுரை இடிபாடும் உப்பு மாதிரி காட்டும். குளோரைடைத் தனியாகப் பார்க்கணும்.

முதல் வடிகட்டலுக்கு சில்வர் நைட்ரேட் போதும். 100 கிராம் மாதிரியைப் பொடித்து 200 மில்லி வாலை வடிநீரில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். வடித்த நீரில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட்டபிறகுதான் சில்வர் நைட்ரேட் விடணும். அமிலம் விடாமல் விட்டால் சுண்ணாம்புக் காரத்தில் பழுப்பு வீழ்படிவு விழுந்து குழப்பும். தெளிவாக இருந்தால் நல்லது. பால் மாதிரி கலங்கினால் அளந்து பார்க்கணும். தயிராகத் திரிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். பக்கத்தில் வெறும் வடிநீரிலும் அதே சோதனை செய்து ஒப்பிடணும். குழாய்த் தண்ணீரில் செய்தால் அதுவே கலங்கும்.

அளக்கவேண்டும் என்றால் 100 கிராமுக்கு 500 மில்லி வடிநீர். காரம் போக, பினாப்தலீன் சிவப்பு மறையும் வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். 10 மில்லி எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில துளி விட்டு, 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்டால் மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் வரை டைட்ரேட் செய்யணும். 1 மில்லிக்கு 0.5 மி.கி. குளோரைடு. 12 மில்லி பிடித்தால் 10 மில்லியில் 6 மி.கி., லிட்டருக்கு 600, மணலில் கிலோவுக்கு 3000 மி.கி. அதுதான் நான் மேலே போட்ட 0.3 சதவீதம். தண்ணீரில் கரைவது மட்டும்தான் இதில் தெரியும். பசைக்குள் பிணைந்திருப்பதையும் சேர்த்துப் பார்க்க, அமிலத்தில் கரைத்துச் செய்யும் ஐ.எஸ். 14959 பகுதி 2 சோதனையை லேபில் கேளுங்கள்.

சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுப்புக் கறை பிடிக்கும், கையுறை போடுங்கள். குரோமேட் நஞ்சு. சோதனை முடிந்த நீரைக் கிணற்றுப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள், தனிக் கேனில் சேர்த்து லேபிடம் கொடுங்கள்.

மன்னார்_நீலம்
கீழக்கரை, இராமேசுவரம் பழைய வீடுகள் என்றவுடன் இதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவர்களில் பவளக்கல் இருக்கும், காரையிலும் பவளம் சுட்ட சுண்ணாம்பு இருக்கும். பவளக்கல்லை உடைத்துக் கலவையில் போடக் கூடாது. முழுக்க நுண்துளை, ஒவ்வொரு துளையிலும் உப்பு. பலமும் வராது, உறிஞ்சல் 10 சதவீதத்தைத் தாண்டும்.

அதைவிட முக்கியமானது சட்டம். 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பழைய சுவரிலிருந்து வந்தது என்று சொல்லி லாரியில் ஏற்றினால், இன்றைக்குக் கடலில் உடைத்ததா, அன்றைக்குக் கட்டியதா என்று சோதனைச் சாவடியில் யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஒரு சந்தை உருவாகிவிட்டால் புதுப் பவளத்துக்கும் விலை வந்துவிடும். இடிக்கிற மனையிலேயே தரை நிரப்பப் பயன்படுத்தட்டும், வெளியே கொண்டுபோவதற்கு முன் வனத்துறையிடம் கேட்கட்டும். பட்டறைக்குள் அது நுழையவே கூடாது.

கரையில் கிடக்கும் சிப்பி ஓட்டையும் மணலையும் அள்ளிவருவதும் அப்படித்தான். அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்.

சேதுக்கரை
மேடம், கரையில் அள்ளுவதில்லை. சிப்பிச்சதை எடுக்கும் கொட்டகைகளில் மிஞ்சும் ஓடு, நண்டுக் கம்பெனிக் கழிவு, இவை கிடைக்கின்றன. ஜல்லிக்குப் பதில் போடலாமா?

மன்னார்_நீலம்
நண்டு ஓடு வேண்டாம். அதில் மட்கும் பொருள் நிறைய, கான்கிரீட்டுக்குள் அழுகி வெற்றிடம் விடும், சிமெண்ட் இறுகுவதையும் தாமதிக்கும். அதை உரத்துக்குக் கொடுங்கள். சிப்பி ஓடு சுண்ணாம்புக்கல் மாதிரிதான், பொருளில் குறை இல்லை. கொட்டகையில் ஒதுக்கியது எந்த இனம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில சங்கு, சிப்பி வகைகளும் அட்டவணையில் உள்ளவை.

பட்டறை_மாரி
சிப்பி ஓட்டின் தொல்லை அதன் தட்டை வடிவம்தான். மெஷின் அழுத்தும்போது தட்டையாகப் படுத்துக்கொள்ளும், அதன் அடியில் பசை போகாது. உடைத்து 4.75 மி.மீ.க்குக் கீழே இறக்கினால் அந்தத் தொல்லை பாதி தீரும். நல்ல தண்ணீரில் அலசி, வாடை போகும்வரை வெயிலில் காயவைத்து, சிப்ஸ் பங்கில் பத்தில் ஒன்று, அதாவது மூட்டைக்கு 12 கிலோவோடு நிறுத்துங்கள். அலசும் தண்ணீர்ச் செலவைப் பார்த்தால் இது மிச்சம் பிடிக்கும் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுப்பதே மேல்.

தொண்டிக்கரை
நல்ல தண்ணீரில் அலசு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். குடிக்கவே குழாயை எதிர்பார்க்கிற ஊரில் ஜல்லி அலசத் தண்ணீருக்கு எங்கே போவது?

உப்பளத்தான்
ஐப்பசி, கார்த்திகை மழையைப் பயன்படுத்துங்கள். தரையைச் சற்று மேடாக்கி, சரிவு கொடுத்து, பழைய கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் உடைத்த ஜல்லியை அரை மீட்டர் உயரத்துக்குமேல் போகாமல் பரப்புங்கள். ஆள் உயரக் குவியலாக விட்டால் மேலே உள்ள உப்பு கீழே இறங்கி அடியிலேயே தங்கும். மண் தரையில் நேரடியாகக் கொட்டினால், மழை நின்றதும் உவர் மண்ணிலிருந்து உப்பு திரும்ப ஏறும். மழைக்கு முன்பும் பின்பும் சில்வர் நைட்ரேட் பாருங்கள், குவியலின் அடியிலிருந்து மாதிரி எடுங்கள். கரிசல், களிமண் ஒட்டியிருந்தால் அதுவும் கழுவிப்போகும். வழியும் தண்ணீர் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகாத பக்கம் சரிவு இருக்கட்டும்.

சுருக்கமாக, சித்திரையில் இடித்ததைத் தை மாதம் பயன்படுத்தும்படி திட்டமிடணும். அன்றன்றைக்கு வந்த லோடை அன்றன்றைக்கே உடைத்துப் போடும் பட்டறைக்கு இந்தக் கரை சரிப்படாது.

ஜல்லிக்கணக்கு
குளோரைடோடு சல்பேட்டையும் பாருங்கள். இடிபாட்டில் ஃபால்ஸ் சீலிங் அட்டை, பி.ஓ.பி. வேலைப்பாடு, ஜிப்சம் பூச்சு கலந்து வரும். உப்பளப் பக்கத்து மண்ணிலும் ஜிப்சம் இருக்கும், வாலிநோக்கம் பக்கம் இடிபாடு எடுப்பவர்கள் கவனிக்கணும். ஜிப்சம் இறுகிய சிமெண்டோடு மெதுவாக வினைபுரிந்து உப்பும். பிளாக் 28-ஆம் நாள் தேறும், ஈரம் படும் சுவரில் மாதங்கள் கழித்து வெடிக்கும். கலவையின் மொத்த சல்பேட், எஸ்.ஓ.3 (சல்பர் ட்ரை ஆக்சைடு) கணக்கில், சிமெண்ட் எடையில் 4 சதவீதத்துக்குள் இருக்கணும். 50 கிலோவுக்கு 2 கிலோ. அந்த 2 கிலோவில் சிமெண்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஜிப்சமும் அடக்கம், ஆகவே கைவசம் இருப்பது ஒரு கிலோவுக்கும் குறைவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக நகத்தால் கீறுபடும் கட்டிகளைக் கையால் பொறுக்கி எறிவதற்கு ஓர் ஆளைப் போடுவது வீண் செலவு இல்லை.

கம்பித் துண்டு, ஆணி, கட்டுக்கம்பிக்கு கன்வேயர் மேல் காந்தம் தொங்கவிடுங்கள். ஒரு சிறு ஆணி துருப்பிடித்தாலே பிளாக் முகத்தில் வட்டமாகப் பெயர்ந்து வரும்.

செங்கல், காரை கலந்த குவியல் பிளாக்குக்கு வேண்டாம். அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். உப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, செங்கல் ஜல்லியாகச் சுண்ணாம்போடு கலந்து மாடித் தளத்துக்குப் போடலாம், பாதைக்கு அடிநிரப்பாகவும் போகும்.

தொண்டிக்கரை
ஃபிளை ஆஷ் தூத்துக்குடியிலிருந்து வரணும். அதற்குப் பதில் இங்கேயே கரிமூட்டச் சாம்பல், சூளைச் சாம்பல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. சீமைக்கருவேலம் எரித்த சாம்பல்தானே, வீணாகப் போகிறது.

ஜல்லிக்கணக்கு
அது ஃபிளை ஆஷ் வேலையைச் செய்யாது. நிலக்கரிச் சாம்பலில் உருகி உறைந்த சிலிக்கா, அலுமினா இருக்கிறது. அது சிமெண்ட் விடும் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகிறது. விறகுச் சாம்பலில் பெரும்பாலும் சுண்ணாம்பும் பொட்டாஷ் உப்பும்தான். பசையாகாது, உப்பைக் கூட்டும், சுவரில் வெள்ளை பூக்கும். கரித்துகள் வேறு தண்ணீரைக் குடிக்கும். ஐ.எஸ். 3812 பகுதி 1 எரியாத பங்கை 5 சதவீதத்தோடு நிறுத்துகிறது. மூட்டச் சாம்பல் அதில் தேறாது. அதை எரு குழிக்குத்தான் போடணும்.

தூத்துக்குடிச் சாம்பலிலும் கேட்டு வாங்குங்கள். மின்சாரப் பிடிப்பானிலிருந்து (புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவி) உலர்ந்து வரும் சாம்பல்தான் வேண்டும். குளத்தில் தேங்கியதைத் தோண்டித் தந்தால், எந்தத் தண்ணீரால் அடித்துச் சென்றார்கள் என்று கேளுங்கள். கடலோர நிலையமென்றால் கடல்நீராகவும் இருக்கலாம். குளோரைடு பார்க்காமல் இறக்கவேண்டாம். தாமிரக் கசடும் ஐ.எஸ். 383-இல் மணலுக்குப் பதில் சாதாக் கான்கிரீட்டில் 40 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டதுதான். தூத்துக்குடி உருக்காலை 2018-இல் மூடியதால் அதை நம்பிக் கலவை போடவேண்டாம்.

சேதுக்கரை
வலைக்கும் தெர்மோகோலுக்கும் வருவோமா?

பட்டறை_மாரி
வலை பலத்துக்கு உதவாது, மூலை உதிர்வதைக் குறைக்கும். ஏற்றி இறக்கும்போது உடையும் பிளாக் குறையும். அவ்வளவுதான் எதிர்பார்க்கணும்.

தங்கூசி வலையும் இழுவை மடியும் இரண்டும் ஆகும். முன்னது நைலான், பின்னது பெரும்பாலும் எச்.டி.பி.இ. (கெட்டிப் பாலித்தீன்). சிமெண்டின் காரத்தை இரண்டும் தாங்கும். பாலியெஸ்டர் கயிறு தாங்காது, பிரித்துவிடுங்கள். முடிச்சுகளை வெட்டி எறிந்து, நூலை மட்டும் 20 முதல் 25 மி.மீ. நீளத்தில் வெட்டணும். முடிச்சோடு போட்டால் ஒவ்வொரு முடிச்சும் ஓர் ஓட்டை. அளவு கன அளவில் 0.2 சதவீதம். கன மீட்டருக்கு எச்.டி.பி.இ. 1.9 கிலோ, நைலான் 2.3 கிலோ. நம் 21 பிளாக் கலவைக்கு எதுவானாலும் 0.6 கிலோவைத் தாண்டாது. அதற்குமேல் போனால் மிக்சரில் பந்தாகத் திரளும், மெஷின் அழுத்தி விட்டதும் பிளாக் மேலெழும்பி உயரம் கூடும்.

முதலில் சிப்ஸும் டஸ்டும் உலர்வாக ஓடணும். அந்த ஓட்டத்தில் நூலைத் தூவணும். பிறகு சிமெண்ட், சாம்பல், கடைசியில் தண்ணீர். ஈரக் கலவையில் போட்டால் பிரியவே பிரியாது. வலையை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள், கடல் உப்பு முழுக்க அதிலேயே உறைந்திருக்கும்.

மன்னார்_நீலம்
வலை சேர்த்த பிளாக்கை உடைத்து எறிந்தால் நூல் திரும்ப மண்ணுக்கும் கடலுக்கும் போகும். உடைந்த பிளாக்கைப் பட்டறைக்கே திருப்பி வாங்கி உடைத்துப் போடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். வெட்டும் இடத்தில் காற்றில் பறக்கும் துணுக்குகளைத் தார்ப்பாய் கட்டித் தடுக்கணும். கரையோரத்தில் வெட்டவே கூடாது.

ஜல்லிக்கணக்கு
அரைத்த பிளாஸ்டிக் பைத் துண்டுகளை மணலுக்குப் பதில் போடுவது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். பசை ஒட்டாது, அழுத்தம் விட்டதும் கலவை விரியும், தீயில் புகையும். உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் மாதிரிப் பல அடுக்குத் தாள்களில் அலுமினியம் இருக்கும். அது சிமெண்ட் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விட்டு, பிளாக்கைப் புளித்த மாவு மாதிரி பொங்கவைக்கும். சுமை தாங்கும் பிளாக்கில் அது வேண்டவே வேண்டாம்.

தெர்மோகோல் பிளாக் தனி இனம். சுமை தாங்காத உள்தடுப்புக்கு மட்டும். மீன் பெட்டியில் ரத்தமும் உப்பு ஐஸ் நீரும் ஊறியிருக்கும். கழுவி, காயவைத்து, 3 முதல் 6 மி.மீ. மணிகளாக உதிர்க்கணும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஃபிளை ஆஷ் 25 கிலோ, கிரஷர் டஸ்ட் 60 கிலோ, தெர்மோகோல் மணி 140 லிட்டர் பெட்டி அளவு, தண்ணீர் 28 லிட்டர் சுற்றி. 4 அங்குல பிளாக் ஏறக்குறைய 20 வரும், ஒவ்வொன்றும் 8 கிலோ. கன மீட்டருக்கு 1000 கிலோ அடர்த்தி.

மணி நேராகச் சிமெண்டில் விழுந்தால் மிதக்கும். முதலில் மணியை மிக்சரில் போட்டு, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கும் சாம்பல் முழுவதும் சேர்த்து மணிமேல் பூசவைத்து, பிறகு சிமெண்ட், டஸ்ட், மீதித் தண்ணீர். முட்டையிடும் மெஷினில் அழுத்தினால் மணி சுருங்கி, விட்டதும் திரும்ப விரியும். அச்சில் ஊற்றி, அடுத்த நாள் பிரியுங்கள். இது சாலிட் பிளாக்கைவிட அதிகம் சுருங்கும், ஆறவிடாமல் கட்டினால் வெடிக்கும். இரு பக்கமும் பூச்சு கட்டாயம், சமையலறை அடுப்புப் பக்கம் வைக்கவே கூடாது.

பட்டறை_மாரி
நனைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது போட்ட பிளாக் இரண்டு மணி நேரத்தில் மேல்தோல் வறண்டுவிடும். மறுசுழற்சி மணல் போட்டது இன்னும் சீக்கிரம். தெற்கு, மேற்குப் பக்கம் கீற்றோ தார்ப்பாயோ ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள். முதல் நாள் தண்ணீர் அடிக்காமல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஈரத்தை நிறுத்துங்கள். மறுநாளிலிருந்து 14 நாள் கோணிச் சாக்கு காயாமல் நனையணும். உவர் தண்ணீரில் நனைத்தால் இவ்வளவு நேரம் பார்த்த உப்புக் கணக்கெல்லாம் வீண், நனைக்கிற ஒவ்வொரு தடவையும் உப்பு உள்ளே போகும். அதன்பிறகு நான்கு வாரம் காற்றோட்டமாக அடுக்கிக் காயவிட்டுத்தான் சுவருக்கு அனுப்பணும்.

சேதுக்கரை
இப்படிப் போட்ட பிளாக்கை வீட்டில் எங்கே எங்கே கட்டலாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லணும்?

ஜல்லிக்கணக்கு
தூண், பீம் போட்ட வீட்டில் இடைச்சுவர், காம்பவுண்டு சுவர், தோட்டச் சுவர், இவற்றுக்குத் தாராளமாக. பிளிந்துக்குக் (தரைமட்டத்துக்கு மேலான அடிப்பீடம்) கீழே உவர் மண்ணைத் தொடும் இடத்தில் வேண்டாம், அங்கே புதுக் கருங்கல் ஜல்லிக் கலவைதான். பிளிந்து மட்டத்தில் ஈரத் தடுப்பு இல்லாமல் மேலே ஒரு வரிசையும் ஏற்றாதீர்கள். கம்பி விடும் யு பிளாக், லிண்டல், ஒட்டு பிளாக், இவற்றை மறுசுழற்சி மணலில் வார்க்கவே கூடாது. காரணம் உப்பளத்தான் சொன்ன 0.6 கிலோ.

லேபுக்கு ஒரு லாட்டிலிருந்து 20 பிளாக் எடுக்கணும், 8 பலத்துக்கு, 3 அடர்த்திக்கு, 3 உறிஞ்சலுக்கு, மீதி சுருக்கத்துக்கும் ஈர அசைவுக்கும். நல்ல பிளாக்காகப் பொறுக்கி அனுப்பாதீர்கள். முதல் தட்டு, நடுத் தட்டு, மிக்சர் காலியாகும் கடைசித் தட்டு மூன்றிலிருந்தும் வரட்டும். உடைத்த மணலில் குறை தெரிவது கடைசித் தட்டில்தான்.

பட்டறை_மாரி
ஒவ்வொரு லாட்டிலும் வார்த்த தேதியும் எந்தக் குவியல் மணல் என்பதும் பெயிண்டில் எழுதி அடுக்குங்க தம்பி. கீழக்கரைக் குவியலுக்கு ஒரு நிறம், இராமேசுவரத்துக்கு ஒரு நிறம். ஒரு லாட் உப்புப் பூத்தால் எந்தக் குவியலை ஒதுக்கணும் என்று உடனே தெரியும். ஒரே கலவையில் இரண்டு குவியல் மணலையும் கலக்கவேண்டாம்.

சேதுக்கரை
சரிங்க அண்ணே. இப்போது வந்திருக்கும் கீழக்கரை லோடில் பவளக்கல் தெரிகிறது, அதை மனைக்காரரிடமே திருப்பிவிடுகிறேன். கான்கிரீட் குவியலைத் தளம் போட்டுப் பரப்பி ஐப்பசி மழைக்கு விடுகிறேன். பரப்புவதற்கு முன் குவியல் அடியில் எடுத்த மாதிரிக்கு என்ன குளோரைடு வருகிறதோ, அதை இங்கே போடுகிறேன். உப்பளத்தான் சார், 0.3-க்கு மேல் வந்தால் பங்கைக் குறைத்துப் போடலாமா, முழுக்க ஒதுக்கணுமா?

உப்பளத்தான்
0.3-லிருந்து 0.5 வரை வந்தால் ஒரு மழைக்கு விட்டுத் திரும்பப் பாருங்கள். மழைக்குப் பிறகும் 0.3-க்கு மேலே நின்றால் மூட்டைக்கு 75 கிலோவாகக் குறைத்து, தோட்டச் சுவருக்கு மட்டும் அனுப்புங்கள். 0.5 தாண்டினால் பிளாக்குக்கு வேண்டாம், பாதை நிரப்பத்தான். எண்ணோடு கிணற்றுத் தண்ணீர் அளவையும் சேர்த்துப் போடுங்கள், கன மீட்டர் கணக்கு போட்டுத் தருகிறேன்.